பதினான்கு நாள் என்று எழுதினேன்

பண்ணைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

போன மாதம் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து, ஓணான்களைக் குளிர்த்தூக்கத்தில் வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் காபி கொடுத்து, பண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அட்டவணையை எழுதியவன் நான்தான். எந்த வாரம் தீனியை நிறுத்துவது, விளக்கு எரியும் நேரத்தை எப்படிக் குறைப்பது, எந்த எடைக்குக் கீழே இருந்தால் மலைக்கு அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அதை ஏன் எழுத வேண்டி வந்தது என்பது மட்டும் இல்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. அதற்கு முன் சின்னசேலம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மேற்பார்வையாளர். முட்டைக்குச் சூடு, குஞ்சுக்குச் சூடு, மழைக்காலத்தில் கூடுதல் சூடு. உயிரைக் காப்பது என்றால் கதகதப்பாக வைப்பது, வயிற்றைக் காயவிடாமல் பார்ப்பது. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

மேடம் என்னை அங்கிருந்துதான் கூட்டிவந்தார். எலவனாசூர்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. சென்னையில் படிக்கும்போது ஒரு ஜோடி தாடி ஓணான் வாங்கி விடுதி அறையில் வளர்த்திருக்கிறார். கடைகளில் பியர்டட் டிராகன் என்ற பெயரில் விற்பது அதுதான். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தவர், கள்ளக்குறிச்சி எல்லையில் அப்பாவின் நெல் கிடங்கைக் காலி செய்து பண்ணை ஆரம்பித்தார். முட்டை பொரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்ததில் என் பெயர் வந்தது. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை.

இந்த ஓணானின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே குளிர்காலத்தில் அது தீனியை விட்டுவிட்டு இரண்டு மாதம் போலச் சுருண்டு கிடக்கும். எழுந்த பிறகுதான் இணை சேரும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் முட்டை வைக்கும், ஆனால் பாதி பொரிக்காது. நம் ஊரில் மார்கழி விடியலில் பல் கிட்டும், பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். முதல் வருஷம் ஏசி அறையில் வைத்துப் பார்த்தோம். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் எல்லாம் அரைத் தூக்கத்தில் எழுந்து சுவரைப் பிறாண்டின.

அந்த வருஷம் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் ஓணான் அசையவே இல்லை. தொட்டால் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. செத்துவிட்டது என்று கொல்லையில் குழி தோண்டிவிட்டேன். வேறு வேலையாகப் பண்ணைக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் அதை என் கையிலிருந்து வாங்கி, தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் இருக்கும். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அவர் திட்டவில்லை. சந்தேகம் இருந்தால் காத்திருங்கள், காத்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். தப்பாகவும் பிடித்துக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் மேடமே மலையில் வைக்கலாம் என்றார். வெள்ளிமலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளத்தில் இறங்கி நடந்தால் பூங்காவனத்தின் வீடு. அவர் கணவர் வருஷத்தில் ஆறு மாதம் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருப்பார். பூங்காவனம் மரவள்ளியும் சாமையும் போட்டுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டி, சாமை கொட்டிவைக்கும் மண்சுவர் அறை ஒன்று இருந்தது. வெளியில் வெயில் எப்படி இருந்தாலும் உள்ளே குளிர் ஒரே சீராக நிற்கும். அந்த அறையை வாடகைக்குப் பேசி, பார்த்துக்கொள்ள அவரையே மாதச் சம்பளத்துக்கு வைத்தோம். காலையில் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் காயாமல் பார்க்க வேண்டும், எலி வராமல் பார்க்க வேண்டும். தொடக் கூடாது. இதுதான் நான் அவருக்குச் சொன்னது.

அந்த வருஷம் எல்லாம் நல்லபடி நடந்தது. தை கடைசியில் இறக்கிக் கொண்டுவந்தோம், ஆனியில் குஞ்சுகள். மேடத்தின் அப்பாகூட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஊரில் என்னை ஓணான் மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

நான் எழுத வந்தது அதற்கடுத்த வருஷத்தைப் பற்றி.

குளிரில் வைப்பதற்கு முன் தீனியை நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் விளக்கும் சூடும் இருக்க வேண்டும். சூடு இருந்தால்தான் அதற்குச் செரிக்கும். வயிறு முழுக்கக் காலியான பிறகே குளிர். வயிற்றில் தீனியோடு குளிருக்குப் போனால் அது செரிக்காது, உள்ளேயே அழுகும்.

அந்தக் கார்த்திகையில் என் சின்ன மகளுக்கு உளுந்தூர்பேட்டையில் நிச்சயதார்த்தம். பன்னிரண்டு நாள் லீவில் போனேன். போகும்போது, பண்ணையில் தீனி போடும் அம்மாவிடம், நான் வரும் வரை வழக்கம்போல் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். தீனி நிறுத்த வேண்டிய நாள் அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் வருகிறது என்பது என் நினைவிலேயே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டு ஓணான்களும் கொழுகொழுவென்று, தீனிக்காக வளர்க்கும் கரப்பானைத் தின்றுகொண்டிருக்கின்றன. மலை ஏற ஜீப் பேசியிருந்த நாளுக்கு நான்கு நாள்தான் பாக்கி.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மேடத்திடம் போய், மறந்துவிட்டேன், பத்து நாள் தள்ளிப்போடுவோம் என்று சொல்வது. பத்து நாளில் மலைக் குளிர் எங்கும் ஓடிவிடாது. ஜீப்காரர் இன்னொரு நாள் வருவார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தள்ளிப்போட ஒரு காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் நான். இருபது வருஷம் முட்டைக் கணக்கை ஒரு நாள் பிசகாமல் பார்த்தவன், மறந்துவிட்டேன் என்று சொல்வதா என்று நினைத்தேன்.

அன்றைக்கே தீனியை நிறுத்தினேன். பதிவேட்டில், கடைசித் தீனி என்ற இடத்தில் பத்து நாள் முந்தைய தேதியைப் போட்டேன். பக்கத்தில் பதினான்கு நாள் என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. நான்கு நாளே போதும், இதுகளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும் காலையில் மேடம் கேட்டார். "எல்லாம் ரெடிங்களா சார்?"

"ரெடி மேடம்."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் மூன்றாம் நம்பர் பெட்டியின் மூடி நகர்ந்தது. சரிசெய்யும்போது விரல் அதன் வயிற்றில் பட்டது. கெட்டியாக இருந்தது. அப்போதும் ஜீப்பைத் திருப்பச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் காலை பூங்காவனம் போன் செய்தார். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. காட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஏறிய மூச்சு வாங்க, மூன்றாம் நம்பர் ஓணானுக்கு வயிறு உப்பியிருக்கிறது, கிட்டே போனால் நாற்றம் வருகிறது என்றார். தூங்கும்போது அப்படித்தான் இருக்கும், தொடாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அவரை நான் நீ என்றுதான் பேசுவேன். அவர் என்னைச் சார் என்பார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பாறை ஏறினார்.

"இன்னும் ரெண்டுக்கு அதே மாதிரி இருக்குதுங்க சார். தாடி கறுத்துப் போச்சி. வாயத் தொறந்து தொறந்து மூடுது. வெயில்ல வெச்சிப் பாக்கட்டுங்களா?"

இந்தக் கேள்வியைப் படித்துப் பாருங்கள். தாடி கறுப்பதை, வாய் திறப்பதை, நாற்றத்தை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வைத்தியத்தையும் அவரே சொல்கிறார். வயிற்றில் தீனியோடு குளிரில் கிடக்கும் ஓணானுக்கு உடனடியாக வேண்டியது சூடுதான். புத்தகம் படித்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் புத்தகம் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷமே விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

"வேணாம். நடுவுல எழுப்பினா செத்துப்பூடும். நான் நாளைக்கு வர்றன்."

மறுநாள் போகவில்லை. போனால் பன்னிரண்டையும் இறக்கிக் கொண்டுவர வேண்டும், ஏன் இறக்கினீர்கள் என்ற கேள்வி வரும். காத்திருப்பதால் நஷ்டமில்லை என்று மருத்துவர் சொன்னதை எடுத்து என் பயத்துக்குப் போர்த்திவிட்டேன். அவர் சொன்னது, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்கு. எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் மூன்றாவது போன்.

"மூணாம் நம்பரு செத்துப் போச்சிங்க சார். நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தன்."

காலை பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பூங்காவனம் வீட்டுவாசல் பாறையில் இரண்டு ஓணான்கள் வெயிலில் கிடந்தன. ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும். இரண்டாவது போனுக்குப் பிறகு, நான் வேண்டாம் என்று சொல்லியும், அவர் அந்த இரண்டையும் வெளியே எடுத்துவிட்டார். பகலில் வெயிலில் வைத்திருக்கிறார். சாயங்காலம் பழைய சேலைத் துணியில் சுற்றி அடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்திருக்கிறார். இரண்டுமே எச்சம் போட்டு, வயிறு வற்றி, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. உங்கள் பேச்சை மீறிவிட்டேன் என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அறைக்குள் இன்னும் நான்கு மோசமாகிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் வெயிலுக்குக் கொண்டுவந்தோம். வெந்நீர்ப் பாட்டில் வைத்தோம், வயிற்றைக் கீழ்நோக்கி அமுக்கித் தடவினோம். பூங்காவனம் அன்று காட்டு வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மறுநாள் முடிவதற்குள் அந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. முதலில் செத்ததோடு ஐந்து. கடைசியில் போனது, நான் கையில் வைத்திருக்கும்போதே போனது. மேடம் சென்னை விடுதியில் வளர்த்த அந்த முதல் ஜோடியின் பெண் அது.

மேடத்துக்கு நான் போனில் ஐந்து போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் காரில் கிளம்பி வந்துவிட்டார். பள்ளத்தில் கார் இறங்காது. அதனால் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் டீக்கடையில் நிற்பதாகச் சொன்னார். நானும் பூங்காவனமும் செத்ததைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எல்லோரும் மலைக்காரர்கள், பூங்காவனத்துக்கு உறவும் பழக்கமும்.

மேடம் துணியை விலக்கிப் பார்த்தார். அழவில்லை. அந்த முதல் ஜோடிப் பெண்ணை மட்டும் ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். நான்கு நாள்தான் நிறுத்தினேன் மேடம் என்று ஒரு வரி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதும் சில சமயம் வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பேன். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

"பூங்காவனம் ரெண்ட எடுத்துக்கினு போய் அடுப்புகிட்ட வெச்சிட்டாங்க மேடம். குளுரும் சூடும் மாறி மாறிப் பட்டா தாங்காது."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். இரண்டை அடுப்புப் பக்கம் வைத்தது உண்மை. குளிரும் சூடும் மாறிப் பட்டால் ஆகாது என்பதும் உண்மை. அந்த இரண்டும் பிழைத்துவிட்டன என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

மேடம் பூங்காவனத்தைப் பார்த்தார். "அடுப்புகிட்ட வெச்சீங்களா?"

"வெச்சனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்காத இடத்தில் தானாகப் பேசி என்னைப் பொய்யனாக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்த ஆள் ஒருவன் கீழே விழுந்து கிடப்பதைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

அன்றோடு அவர் வேலை போயிற்று. மீதி ஏழு ஓணான்களையும் அன்றே இறக்கிவிட்டோம். கடையில் இருந்தவர்கள் வழியாகக் கதை மலை முழுக்கப் போனது. போகும் வழியில் வளர்ந்தும் போனது. கொஞ்ச நாளில் அவர் ஓணானைச் சுட்டுத் தின்றுவிட்டார் என்று ஆகி, பிள்ளைகள் அவரை ஓணான் சுட்டவ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் மகள் இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லையாம். இதெல்லாம் எனக்கு ஜீப்காரர் சொல்லித்தான் தெரியும். அவர் இதைச் சிரிப்பாகச் சொன்னார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மருத்துவரிடம் இரண்டை அறுத்துப் பார்க்கக் கொடுத்திருந்தோம். முதல் வருஷம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். தட்டில் வைத்து எனக்குக் காட்டினார். குடலில் கரப்பான் கால்கள் முழுசு முழுசாக இருந்தன. எத்தனை நாள் தீனி நிறுத்தினீர்கள் என்று கேட்டார். பதினாலு என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றத எழுதிக்கிறன். நான் பாத்தது உங்களுக்கும் தெரியும்."

அவர் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவும் வரை அங்கேயே நின்றேன்.

அடுத்த கார்த்திகை வந்தது. மலையில் வேறு இடம் பார்க்க மூன்று முறை போனேன். எங்கே கேட்டாலும் சிரித்துக்கொண்டே, உங்கள் ஓணான் செத்தால் எங்கள் தலையில் விழும், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். கடைசியில் பூங்காவனம் வீட்டுக்கே போனேன். மனசு உறுத்திப் போனேன் என்று சொல்ல ஆசைதான். வேறு அறை கிடைக்காததால் போனேன். அவர் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் சுற்றி வளைத்து, போன வருஷம் நடந்ததில் என் மேலும் தப்பு இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பேசப் பேச, நான்கு நாள் விஷயம் முழுசும் வெளியே வந்துவிட்டது. முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன், அதுவும் இவரிடம்.

கேட்டுக்கொண்டே சீவினார். அந்தக் கிழங்கைச் சீவி முடித்துப் பாத்திரத்தில் போட்ட பிறகு பேசினார்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா சார். எனக்குத்தான் அப்பவே தெரியுமே. கடையில சொன்னீங்க இல்ல, அங்க வந்து சொல்லுங்க."

சரி என்றேன். இருவரும் மேலே ஏறினோம். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பூங்காவனம் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு வாய் திறந்தது. ஒரு டீ என்றேன். டீ வந்தது. குடித்தேன். பாதி குடிப்பதற்குள் கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. நான் டம்ளரை வைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்து ஓணான்கள் செத்தது என் மறதியால். போன் வந்தும் போகாதது பயத்தால். கடையில் முதல்முறை சொன்னதுகூட நெருக்கடியில் வந்துவிட்டது என்று நீங்கள் யாராவது எனக்காக வாதாடலாம். இந்த பஸ்ஸுக்கு ஒருவரும் வாதாட முடியாது. யாரும் என்னை நெருக்கவில்லை. ஒரு வருஷம் யோசிக்க நேரம் இருந்தது. அடுத்த பஸ்ஸும் இருந்தது.

அன்று இறங்கி நேராகப் பண்ணைக்குப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் சார். டாக்டரு அந்த வாரமே போன் பண்ணிட்டாரு."

பிறகு ஏன் என்னை வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். நான் போனால் முட்டையைப் பார்க்க வேறு ஆள் கிடைக்க மாட்டார் என்று பயந்ததாகவும், பூங்காவனத்தின் இடத்துக்கு யாராவது கிடைத்துவிடுவார்கள் என்று நினைத்ததாகவும் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோயிருந்தது. என் பொய்யை ஒரு வருஷம் நான் மட்டும் சுமக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவரையும் அதில் இழுத்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

அந்த வாரமே மேடம் மலைக்குக் கிளம்பினார். என்னையும் ஏறச் சொன்னார். டீக்கடையில் இறங்கி, பூங்காவனத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: போன வருஷம் ஓணான் செத்தது எங்கள் தப்பு, இவர் தப்பு ஒன்றும் இல்லை, பிழைத்தது இவரால்தான் பிழைத்தது. எங்கள் தப்பு என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் காருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

பூங்காவனம் வேலைக்குத் திரும்ப உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் யோசித்து, ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். அறையில் இருக்கும் ஓணானுக்கு ஏதாவது ஆனால், எடுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். எடுத்த பிறகுதான் போன் செய்வார். மேடம் சரி என்றார். அட்டவணையின் அடியில், மலை அறையில் பூங்காவனம் சொல்வதே முடிவு என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பலர் அதை மரியாதைக்காக எழுதியது என்று நினைக்கிறார்கள். அது அவர் கேட்டு வாங்கியது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை மலை அறையில் மொத்தம் ஒரே ஒரு ஓணான்தான் செத்தது. அதுவும் வயதாகிச் செத்தது.

இந்த வருஷம் நீங்கள்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகப்போகிறீர்கள். தேதி தவறும். கண்டிப்பாக ஒருநாள் தவறும், எல்லோருக்கும் தவறும். அன்றைக்கு அரை மணி நேரம் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும். நின்றுவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் பூங்காவனத்துக்குப் போன் செய்தேன். இப்போது அவர் வீட்டிலேயே சிக்னல் கிடைக்கிறது. இப்படி எழுதப்போகிறேன், புதிதாக வந்த பிள்ளைகள் படிப்பார்கள், உங்கள் பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எம் பேர எதுக்கு மாத்தறீங்க. அன்னிக்குக் கடையில எம் பேரச் சொல்லித்தான சொன்னீங்க. அப்டியே போடுங்க." போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "உங்க பேரயும் போடுங்க சார்."

மேனேஜர் என்று கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த ஐந்தும் செத்தது என்னால். பழி போட்டது நான். பஸ் ஏறியது நான்.

கோ. ராஜமாணிக்கம்